மதிப்பிடப்படுவோரும் பேசட்டும்

மார்ச் மாதம் நெருங்கும்போது மருத்துவமனை அலுவலகங்களில் ஒரு படிவம் நடமாடத் தொடங்கும். காலந் தவறாமை, ஒத்துழைப்பு, பணித்திறன், நோயாளரிடம் நடந்துகொள்ளும் முறை எனத் தலைப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கட்டம். வார்டுப் பொறுப்பாளர் தம் அன்றாட வேலைகளுக்கு நடுவே, தமக்குக் கீழுள்ள அனைவருக்குமான படிவங்களையும் ஒரே மாலையில் நிரப்பி மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார். ஓராண்டுக் காலம் கண்விழித்து உழைத்த உழைப்பு, சில மணித்துளிகளில் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடும். ஊதிய உயர்வையும் பதவி உயர்வையும் அந்த எண்ணே முடிவு செய்யும். அந்த எண் என்னவென்பது உழைத்தவருக்கு மட்டும் தெரியாது.

மதிப்பீடே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மருந்தின் அளவு சிறிது மாறினாலும் உயிருக்கு இடர் நேரும் இடமன்றோ மருத்துவமனை! அங்கே யார் எப்படிப் பணியாற்றுகிறார் என்பதை ஆராயாமல் விடுவது நோயாளருக்கு இழைக்கும் தீங்காகும். வள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரத்தையும், அதனை அடுத்து ‘தெரிந்து வினையாடல்’ என்ற அதிகாரத்தையும் பொருட்பாலில் வைத்திருக்கிறார். 1860-ஆம் ஆண்டு இலண்டன் புனித தோமா மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டபோதே, பயிற்சி பெறும் ஒவ்வொருவரின் நடத்தையும் திறனும் மாதந்தோறும் ஒரு தாளில் குறிக்கப்பட்டன. ஆகவே நம் வினா, மதிப்பீடு வேண்டுமா என்பதன்று. அது எவ்வாறு நிகழ வேண்டும் என்பதே.

சிறு நகர் ஒன்றில் இயங்கும் மருத்துவமனையின் ஆலோசனைக் குழுவில் நாம் சில ஆண்டுகள் பொதுநிலையினர் சார்பில் இருந்தோம். அக்காலத்தில் ஒரு செவிலியர் நம்மைக் காண வந்தார். பதினான்கு ஆண்டுகள் அங்கேயே பணியாற்றியவர். முதுநிலைச் செவிலியர் பணியிடம் நிரப்பப்பட்டபோது அவர் பெயர் விடுபட்டிருந்தது. பணிக்காலம் குறைந்த வேறொருவர் அமர்த்தப்பட்டிருந்தார். காரணம் கேட்டதற்கு, “மதிப்பீடு சரியில்லை” என்ற ஒரு வரி மட்டுமே விடையாகக் கிடைத்ததாம். அவர் அழவில்லை, எவரையும் பழிக்கவுமில்லை. “ஐயா, என்ன குறை என்று சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பேன். சொல்லாமலே தண்டித்தால் எதைத் திருத்துவது?” என்று மட்டும் கேட்டார்.

குழுவின் வேண்டுகோளின்பேரில் அவருடைய கோப்பு திறக்கப்பட்டது. ஈராண்டுகளுக்கு முந்திய படிவத்தில், ‘ஒத்துழைப்பு’ என்பதன் எதிரே மிகக் குறைந்த மதிப்பெண் இருந்தது. மற்றத் தலைப்புகளிலும் அதன் நிழல் படிந்திருந்தது. விசாரித்தபோது ஓர் இரவின் நிகழ்ச்சி வெளிவந்தது. தொலைபேசியில் சொல்லப்பட்ட ஊசி மருந்தின் அளவு வழக்கத்தினும் மிகுதியாக இருக்கவே, மருத்துவர் நேரில் வந்து எழுதிக் கையொப்பமிட்டால்தான் போட இயலும் என்று இவர் கூறியிருக்கிறார். மருத்துவர் சினத்தோடு வந்தார், நோயாளியைப் பார்த்தார், குறைந்த அளவையே எழுதிச் சென்றார். கேஸ் ஷீட்டில் அந்தக் கையெழுத்து இன்னும் இருந்தது. அந்த இரவு ஒரு நோயாளியைக் காத்த செயல், ஆண்டிறுதிப் படிவத்தில் ‘ஒத்துழையாமை’ எனப் பதிவாகியிருந்தது.

படிவத்தை நிரப்பியவர் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். அந்த இரவில் அவர் அங்கே இருக்கவுமில்லை. காதில் விழுந்த ஒரு குறையை வைத்து எழுதிவிட்டார். மனித மனத்தின் இயல்பு அது. 1920-இல் அமெரிக்க உளவியலார் எட்வர்டு தார்ன்டைக், இராணுவ அதிகாரிகளைப் பற்றி அவர்தம் மேலதிகாரிகள் இட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். அறிவு, உடல்திறன், தலைமைப் பண்பு, ஒழுக்கம் என்பவை வெவ்வேறாயினும், அவற்றுக்குரிய மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒத்திருந்தன. ஒருவரைப் பற்றி உள்ளத்தில் பதிந்த பொதுவான எண்ணமே எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடுகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

‘அப்படியானால் கருத்துகளை விடுத்து எண்களை மட்டும் நம்பலாமே’ என்று சிலர் கூறுவர். எண்களும் சூழலை மறந்தால் பொய் சொல்லும். புள்ளியியலில் தேர்ந்த நைட்டிங்கேல் அம்மையாரே 1863-இல் வெளியிட்ட நூலில், இலண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஓராண்டு முழுவதும் நேர்ந்த இறப்புகளை, ஒரே ஒரு நாளில் படுக்கையில் இருந்தோரின் எண்ணிக்கையால் வகுத்ததால் வந்த விளைவு அது. மருத்துவர் பலர் அதனை எதிர்த்து எழுதினர். கடும் நோயாளரை ஏற்கும் மருத்துவமனையையும் எளிய நோயாளரை ஏற்கும் மருத்துவமனையையும் ஒரே கோலால் அளப்பது முறையா என்றும் வினவினர். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நிற்கும் செவிலியரையும் புறநோயாளர் பிரிவில் இருப்பவரையும் ஒரே படிவத்தால் அளக்கும் இடங்களில் எல்லாம் அதே வினா இன்றும் எழுகிறது.

மற்றொரு சான்றும் நினைக்கத்தக்கது. 1996-இல் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். இரண்டு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகள் அதில் ஆராயப்பட்டன. நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பதே அவரது எதிர்பார்ப்பு. பதிவேடுகளோ மாறாகக் கூறின. அத்தகைய பிரிவுகளில்தான் பதிவான பிழைகள் மிகுதி. அங்கே இருந்தவர்கள் அச்சமின்றித் தம் பிழைகளைச் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். பிழையை அறிவிப்பவரின் மதிப்பெண்ணைக் குறைக்கும் மருத்துவமனையில் பிழைகள் குறைவதில்லை, அவை மறைக்கப்படுகின்றன. மறைக்கப்பட்ட பிழையின் விலையைக் கொடுப்பவர் நோயாளியே.

எனவே கருத்தும் தவறலாம், கணக்கும் தவறலாம். இரண்டையும் திருத்தவல்லது ஒன்றுண்டு. மதிப்பிடப்படுபவர் தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கவும், அது முடிவாகுமுன் மறுமொழி கூறவும் வேண்டும். நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேவ் தத் வழக்கில் இதனைத் தெளிவாக உரைத்தது. பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ என்ற தரம் தேவைப்பட்ட இடத்தில், ஓராண்டின் மந்தணக் குறிப்பில் ‘நன்று’ என்று இருந்ததால் ஒரு பொறியாளர் உயர்வை இழந்தார். அக்குறிப்பு அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. ‘நன்று’ என்ற சொல்கூட ஒருவரின் வாழ்வைத் தடுக்குமாயின் அதனையும் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். அதன் பின்னர், 2009 மே மாதத்தில், ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை முழுவதையும் பணியாளருக்குக் காட்ட வேண்டும் என்றும், அவர் மறுப்புரைக்கப் பதினைந்து நாள் தர வேண்டும் என்றும் நடுவணரசு ஆணையிட்டது. அரசுப் பணியாளருக்காகப் பிறந்த நெறி அது. எனினும் அதனைத் தானாக ஏற்றுக்கொள்ள எந்த மருத்துவமனைக்கும் தடையில்லை.

நம் திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளில் ஒரு தனி இடரும் உண்டு. ‘இது சேவை, சேவையில் மதிப்பெண் கேட்பது அழகா?’ என்ற சொல் அங்கே எளிதாக எழும். சேவை என்பது கொடுப்பவர் தாமாக ஏற்கும் உள்ளம். பிறர் அவரது உரிமையை மறுக்க அது கருவியாகலாகாது. நம்மிடம் வந்த அச்செவிலியர் புகழைக் கேட்கவில்லை. தம் தரப்பைக் கேட்கும் செவியைக் கேட்டார்.

அவரது மறுமொழி எழுத்தில் பெறப்பட்டு, மதிப்பெண் திருத்தப்பட்டது. ஆனால் இழந்த ஊதிய வேறுபாடு அவருக்குக் கிடைக்கவில்லை. பணிக்காலத்தில் தமக்கு இளையவரின் கீழ் மேலும் ஓராண்டு அவர் பணியாற்ற நேர்ந்தது. காலந்தாழ்ந்து வரும் நீதியால் எல்லாவற்றையும் ஈடுசெய்ய இயலவில்லை.

அதற்குப் பின் அம்மருத்துவமனையில் சில மாற்றங்கள் வந்தன. ஆண்டிறுதி நினைவை மட்டும் நம்பாமல், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நிறையும் குறையும் நாளிட்டுக் குறிக்கப்பட்டன. குறை எழுதினால் நிகழ்ச்சியையும் எழுத வேண்டும் என்றாயிற்று. இரவுப் பணியை நேரில் கண்ட ஒருவரின் கருத்தும் சேர்க்கப்பட்டது. தாமே முன்வந்து அறிவித்த பிழை மதிப்பெண்ணைக் குறைக்காது என்று அறிவிக்கப்பட்டது. படிவத்தின் அடியில் பணியாளர் தம் கருத்தை எழுதிக் கையொப்பமிட நான்கு வரிகள் ஒதுக்கப்பட்டன. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு எதுவும் ஆகவில்லை.

வாசக அன்பர்களே, நம்முள் பலர் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பிறரை மதிப்பிடும் பொறுப்பில் இருக்கிறோம். அடுத்த முறை அத்தகைய படிவம் நம் கைக்கு வரும்போது, கையொப்பமிடுமுன் அதற்குரியவரை ஒருமுறை அழைப்போம். நாம் எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுவோம். அவர் முகத்தைப் பார்த்துப் படிக்க இயலாத வரி ஏதேனும் அதில் இருந்தால், அந்த வரியை மீண்டும் ஒருமுறை விசாரிப்போம்.