நான் பார்த்த சென்னைப் பூங்காக்கள்



கோடை விடுமுறையில் நீங்க எல்லாரும் ஆயா வீடு, மாமா வீடு என்று போயிருப்பீங்க. நான் அம்மா, தம்பியோட சென்னையில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன். ஐந்து நாள் இருந்தோம். சென்னை என்றால் கடற்கரையும் சினிமாவும்தான் என்று நம்ம வகுப்பில் பேசிக்குவோம். ஆனால் அங்கே எத்தனை பூங்கா தெரியுமா! அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் வண்டலூர். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்பது முழுப் பெயர். பரப்பளவு 602 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய 1,500. 1855-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கின மிருகக்காட்சி சாலை, பிறகு சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்துக்குப் போய், அங்கே இடம் போதாமல் 1985-ல் வண்டலூருக்கு வந்ததாம். பெரிய மிருகங்களுக்குக் கூண்டு இல்லை. நடுவில் அகழி மாதிரி பள்ளம். அந்தப் பக்கம் அதுங்க, இந்தப் பக்கம் நாம. வெள்ளைப் புலியைப் பார்த்து என் தம்பி, "இதுக்கு யாருக்கா சுண்ணாம்பு அடிச்சது?" என்று கேட்டான். சுற்றி இருந்தவங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. 2016 டிசம்பரில் வந்த வர்தா புயலில் இங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்துவிட்டனவாம். அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போது நிழல் தருகின்றன.

அடுத்த நாள் கிண்டி. ஊருக்கு நடுவில் ஒரு காடு! 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. புள்ளிமான், வெளிமான் இரண்டும் இருக்கின்றன. பக்கத்திலேயே சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் உள்ளன. பாம்புப் பண்ணையை 1972-ல் ஆரம்பித்தவர் ரோமுலஸ் விட்டேக்கர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலும் கடிச்சுத்தான் நம்ம நாட்டில் அதிகம் பேர் சாகிறாங்க. இதை வயல்வேலைக்குப் போகிறவங்க வீட்டில் கட்டாயம் சொல்லுங்க: பாம்பு கடிச்சா கயிறு இறுக்கிக் கட்டக்கூடாது, பிளேடால் கீறக்கூடாது, மந்திரிக்கவும் போகக்கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும்.

பிறகு செம்மொழிப் பூங்கா. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்தில் அமைத்து, 2010-ல் அப்போதைய முதல்வர் கலைஞர் மு.கருணாநிதி திறந்து வைத்தார். விதவிதமான செடிகள், குளத்தில் வாத்து, நடக்க நீளமான பாதை எல்லாம் உண்டு.

இவ்வளவு பார்த்தும் எனக்கு ரொம்பப் பிடித்தது இவை எதுவும் இல்லை. சித்தி வீட்டுத் தெருமுனையில் இருக்கும் சின்ன மாநகராட்சிப் பூங்காதான். அங்கே புலியும் இல்லை, மானும் இல்லை. நாலு வேப்பமரம், ஆறு பெஞ்சு, ரெண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், விளக்கு. அவ்வளவுதான். சாயங்காலம் ஆனால் பொம்பளைங்க எல்லாம் செருப்பு போட்டுக்கிட்டு வேகமாக நடக்கிறாங்க. என் வயசுப் பெண்கள் ஷட்டில் விளையாடுறாங்க. யாரும் அவங்களை ஒண்ணும் கேட்கலை. சித்தி அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்தாங்க. அம்மா முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து இருந்தாங்க. கீரை ஆயலை, அரிசி புடைக்கலை, என்னைத் திட்டக்கூட இல்லை. எங்க அம்மா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. கிளம்பும்போது, "நாளைக்கும் வரலாமாடி?" என்று என்னைக் கேட்டாங்க. மீதி மூணு நாளும் போனோம்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். பசங்களுக்கு ஏரிக்கரை மைதானம் இருக்கு, மதகு இருக்கு, டீக்கடை வாசல் இருக்கு. நமக்கு என்ன இருக்கு? ஏழாவது படிக்கும்வரை நானும் மைதானத்தில் கோகோ ஆடினேன். எனக்கு மஞ்சள் நீராட்டு ஆன பிறகு, "இனிமே அங்க எல்லாம் போகக்கூடாது" என்று சொல்லிட்டாங்க. என்னை மட்டும் இல்லை, நம்ம வகுப்பில் பதினாறு பெண்களையும்தான். பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீட்டை விட்டால் தண்ணீர்க் குழாய். வயசு வந்தால் விளையாட்டு ஆசை போய்விடுமா? நீங்களே சொல்லுங்க.

தண்ணீர் டேங்க் பக்கத்தில் சீமைக் கருவேலம் மண்டிய காலி இடம் இருக்கே, அது பொது இடம்தான். அங்கே கடை கட்டப் போறதாகப் பேச்சு அடிபடுது. அதற்கு முன்னால் நாம கேட்கணும். வெள்ளைப் புலி கேட்கலை. முள்ளை வெட்டி, சுற்றி வேலி போட்டு, நாலு பெஞ்சு, ரெண்டு விளக்கு, ஒரு ஊஞ்சல். வேப்பங்கன்று நாமே கொண்டு வந்து வைக்கலாம். தண்ணீர் ஊற்றுவதும் நம்ம பொறுப்பு.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் படிச்சுக் காட்டினேன். அம்மா இதுவரை கிராம சபையில் வாய் திறந்ததே இல்லை. "எங்கூட களை எடுக்க வர்றவங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். நீ எழுதினதை நானே குடுக்கிறேன்" என்றாங்க. இதுவரை பதினொரு பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கோம். மனு என் பையில் இருக்கிறது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்கு வாங்க. பசங்களும் வரலாம். உங்க அக்கா தங்கச்சிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

உங்களுக்குத் தெரியுமா?
* சென்னை அடையாறு பிரம்மஞான சபையில் இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயலில் சாய்ந்துவிட்டது. ஆனால் விழுதுகள் தாங்க, மரம் இன்னும் நிற்கிறது.
* வண்டலூர் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள். அன்று விடுமுறை.

மரம் வளர்ப்போம்! இடம் கேட்போம்!

ஒன்பதாம் வகுப்பு மாணவி