வாக்கும் செலாவணியும்

அடையாறில் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வருஷங்களில் நான் அதிகம் சொன்ன வார்த்தை 'பார்க்கலாம்'. 'முடியாது' என்று அதற்கு அர்த்தம். ஆபீஸ் பாஷை பழகியவர்கள் புரிந்துகொண்டு போய்விடுவார்கள்.

சொல்வதே செய்வதாகிவிடும் வாக்கியங்களைப் பற்றி ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் பேசினார். இறந்தபின் 1962இல் அது புத்தகமாயிற்று. பி.ஏ. ஆங்கிலம் படித்த மிதப்பில் இதை முற்றிலும் புதிதென்று நினைத்திருந்தேன். நன்னூல் விடையை எட்டாகப் பிரித்திருப்பது பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். 'ஆடுவாயா?' என்றதற்குக் 'கால் வலிக்கிறது' என்பது உற்றதுரைத்தல். சொல்வது வலியை, செய்வது மறுப்பை. என் 'பார்க்கலாம்' இந்த எட்டில் எங்கே உட்காரும் என்று யோசித்திருக்கிறேன். காதில் நேர்விடையாக விழுகிற மறைவிடை அது. கேட்கிறவருக்கு வழக்கு தெரிந்திருந்தால்தான் மறை.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. 24ஆம் தேதி, வியாழக்கிழமை, கவுண்டரை மூடுகிற நேரம். ஊரூர்க் குப்பத்திலிருந்து வந்த மீன்காரக் கிழவி. முந்தானை முடிச்சில் இரண்டு ஐந்நூறு. "நாளைக்கு வாங்கம்மா, பார்க்கலாம்" என்றேன். வரிசை கலைய வேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம். கவுண்டரில் மாற்றிக் கொடுப்பது அந்த நள்ளிரவோடு நின்றது.

மறுநாள் காலை முதல் ஆளாக நின்றாள். ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கிக்குப் போகச் சொன்னேன்.

"நீதானே நைனா வரச் சொன்னே?"

வாக்களிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஆஸ்டின் இந்தச் சமாதானத்தை ஏற்கமாட்டார். மனமில்லாமல் கொடுத்த வாக்கும் வாக்குத்தான்; கொடுத்தவன்தான் பொய்யன்.

பிறகு அந்த நோட்டுகளை நினைத்துப் பார்த்தேன். கொணர்பவருக்கு ஐந்நூறு ரூபாய் தருவதாகக் கவர்னர் கையெழுத்திட்ட வாக்குறுதி அவற்றில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. தமிழில், பின்பக்கம், தொகை மட்டும். ஆக, அவளுக்குத் தெரிந்த மொழியில் வாக்குக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

அந்த நோட்டுகளின் பொறுப்பிலிருந்து ரிசர்வ் வங்கியை விடுவிக்க 2017இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. என்னை விடுவிக்க, "அடுத்தவர் வாங்க" என்ற இரண்டு வார்த்தைகள் போதுமானதாக இருந்தன.