கிளையில் தொங்கிய சோறு

வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி அதிக தூரமில்லை. எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். வெயிலில் கண் கூசுகிறது. 1930 ஏப்ரல் 30-ம் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானது இங்கேதான்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். எனக்கு அதைவிட ருசித்தது அவர் நடந்து வந்த வழியின் கதை. திருச்சியிலிருந்து சுமார் 150 மைல். 15 நாள் நடை. கூட 100 தொண்டர்கள். "இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை!" என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் துரை எச்சரித்துவிட்டார். 100 பேருக்குச் சமைப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா? அதையும் ஒளித்துச் சமைக்க வேண்டும்! சமைத்தார்கள். கட்டுச்சோற்று மூட்டைகள் சாலையோர மரக்கிளைகளில் தொங்கின. கட்டியவர் யார்? மரத்தைத்தான் கேட்க வேண்டும். துரையால் புளியமரத்தைச் சிறையில் அடைக்க முடியுமா, என்ன!

ஐம்பதைத் தாண்டிய ஒரு மெலிந்த மனிதர் சித்திரை வெயிலில் நடப்பதைக் கண்டவர்களுக்கு வேறு பிரசங்கம் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

இவ்வூர் நாவிதர் வைரப்பன், க்ஷவரத்துக்கு உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை மடக்கிவிட்டாராம். அதற்காகச் சிறைக்கும் போனார். ருக்மிணி லக்ஷ்மீபதி சிறை புகுந்ததும் இங்கே நடந்த போராட்டத்தில்தான். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண்மணி அவரே என்பார்கள்.

நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு, ஓர் அளத்தில் இறங்கி ஒரு பிடி உப்பை எடுத்தேன். உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க, தம்பி! இப்ப யாரும் பிடிக்கமாட்டாங்க."

கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். ஊர் வந்து சேர்வதற்குள் பாதி கசிந்துவிட்டது.