ஒரு பிடி அரிசி

1941 டிசம்பரில் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசியபின், பர்மாவில் வாழ்ந்த இந்தியர் இலட்சக்கணக்கில் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். கப்பலில் இடம் கிடைக்காதோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மலைகளை நடந்தே கடந்தனர். என் பாட்டியும் அவர்களுள் ஒருவர். அந்நாள்களில், உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை மறுநாளுக்கென முந்தானையில் முடிந்துகொள்வாராம். ஊர் சேர்ந்து, பானை நிறைய அரிசி இருந்த காலத்திலும் பாட்டி அவ்வழக்கத்தை விடவில்லை; கதையோடு சேர்த்து அதையும் எங்களுக்குத் தந்தார்.

இன்று நான் பனி உறையும் தொலைநாட்டில் தனியே வாழ்கிறேன். ஊர்நினைவு வாட்டும் இரவுகளிலும், சமைக்குமுன் ஒரு பிடியை ஒதுக்கி வைக்கிறேன். நாளையும் உண்டு என்று அது சொல்கிறது. மலைகளை நடந்து கடந்தவரின் பேத்திக்கு இந்தப் பனிக்காலம் கடத்தற்கு அரியதன்று.