மனதில் தங்கிவிட்ட நோய்



கொரோனா போய்விட்டது என்கிறோம். உலக சுகாதார நிறுவனமும் 2023 மே மாதத்தில் அவசரநிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. ஆனால், நம்மில் சிலருடைய உள்ளத்தைவிட்டு அது இன்னும் போகவில்லையே! அதனைக் கவனித்தீர்களா?

எங்கள் அயலில் ஒரு ராத்தா இருக்கிறார். அவருடைய கணவர் 2020 டிசம்பரில் கொவிட் தொற்றினால் வபாத்தானார். இன்றும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ராத்தாவின் கை நடுங்கும். அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அன்றிரவு தூக்கமில்லை.

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கொவிட்டால் இறந்தோரை எரித்தேயாக வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வெளியானது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் பயனில்லை. பிறந்து இருபதே நாளான பச்சிளங் குழந்தையும் எரிக்கப்பட்டது. நோயைவிட, “மௌத்தானால் எரித்துவிடுவார்களே” என்ற பயம்தான் நம்மை அதிகம் வாட்டியது. 2021 மார்ச் 5ஆம் திகதிதான் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்தது, போன நிம்மதி வந்ததா?

குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, மண்ணிடுவது மையித்துக்குச் செய்யும் கடமை. இருப்பவர் மனம் பிரிவை ஏற்றுக்கொள்வதும் அதன் மூலம்தான். கடைசியாக முகம்கூடப் பார்க்கக் கிடைக்காதவர்களின் துயரம் அப்படியே உறைந்து நிற்கிறது. காலம் செல்லச் செல்ல அது நெஞ்சுப் படபடப்பாகவும், தலைவலியாகவும், காரணமில்லாத கோபமாகவும் வெளிப்படுகிறது.

இதனை ஈமானின் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். தம் அருமை மகன் இப்றாஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களும் கண்ணீர் வடித்தார்கள் அல்லவா? கொள்ளைநோயில் மரணிப்பவருக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்ற நற்செய்தியையும் அவர்களே தந்தார்கள். இழந்தவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள். ஆனால், “ஸபூர் செய்யுங்கள்” என்ற ஒரே சொல்லால் அவர்களுடைய வாயை அடைத்துவிடாதீர்கள். அழுதால் அழ விடுங்கள். மௌத்தானவரைப் பற்றிப் பேச விடுங்கள்.

தூக்கமின்மையும் பயமும் நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்க நாம் வெட்கப்படுகிறோமா? மனவருத்தத்துக்கு மட்டும் ஏன் வெட்கம்?

அன்று நம்மால் ஜனாஸா வீட்டுக்குப் போக முடியவில்லை. இன்று போகலாம். அஸருக்குப் பின் ஒரு நாள் போய், பக்கத்தில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், சகோதரிகளே!