அடிக்கணக்கும் நீர்க்கணக்கும்

ஐதராபாத்தின் புறநகர் மனைகளில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளில் பலவற்றின் எண்பலகை டி.என். 34 என்று தொடங்குவதில் வியப்பில்லை. அது நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டின் பதிவெண், அவ்வூரிலிருந்து புறப்படும் வண்டிகள் இந்தியாவின் பெரும்பகுதியில் துளையிடுகின்றன. திருச்செங்கோட்டைப் போலவே ஐதராபாத்தும் கடும்பாறை நிலம். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையான அதன் கருங்கல்லில், மணலில் உள்ளதுபோல் துகள்களுக்கிடையே நீர் தங்க இடமில்லாததால், மேலே மக்கிய பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கிறது.

அழுத்தக்காற்றால் இயங்கும் ஹேமர் துளையின் அடியிலிருந்தே தட்ட, டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பதித்த பிட் பாறையை நொறுக்குகிறது. அதே காற்று நொறுங்கிய தூளை மேலே தள்ளுகிறது. ராடு மாட்டும் உதவியாளர்கள் தூளில் நனைந்து நிற்க, துளைப்பவரின் கண் அத்தூளின் நிறத்திலும் காது ஹேமரின் ஓசையிலும் இருக்கும். செம்பழுப்புத் தூள் வந்துகொண்டிருக்கும்வரை மக்கிய பாறை. அது சரிந்து துளையை மூடாதபடி, கெட்டிப்பாறை தொடும் ஆழம்வரை கேசிங் குழாய் இறக்கப்படும். பிறகு வெளிறிய சாம்பல் தூள் பறக்கும். அதனிடையே துருநிறச் சில்லுகள் தென்பட்டால், நீர் ஓடிய வெடிப்பு ஒன்று குறுக்கிட்டிருக்கிறது என்று பொருள். தூள் கருத்தால் அது பெரும்பாலும் டோலரைட் சுவர், அதாவது கருங்கல்லைப் பிளந்து ஏறி உள்ளேயே உறைந்த பாறைக்குழம்பு. அது இடத்துக்கேற்ப நிலத்தடி நீரை மறிக்கவும் செய்யும், விளிம்பு வெடித்திருந்தால் சேர்த்தும் வைக்கும்.

மேற்கே விகாராபாத் பக்கம் கணக்கே மாறுகிறது. அங்கே தக்காணத்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பசால்ட்டில், ஓர் அடுக்குக்கும் மற்றோர் அடுக்குக்கும் இடைப்பட்ட பகுதியிலும் குமிழ்த்துளைகள் நிறைந்த மேற்பகுதியிலும் நீர் கிடைக்கக்கூடும்.

ஐதராபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், பிரெஞ்சு நிலவியலாளருடன் இணைந்து, நகருக்குத் தெற்கே சுமார் 53 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மகேஸ்வரம் நீர்ப்பிடிப்பில் ஆய்ந்தபோது, பயன்தரும் வெடிப்புகள் பெரும்பாலும் மேலுள்ள சில பத்து மீட்டரிலேயே இருப்பதும், பாறை மக்கும்போதே அவ்வெடிப்புகளும் உண்டாவதும் தெளிவாயின. அதற்குக் கீழே ஆழம் கூடுவதால் மட்டும் நீர் கூடுவதில்லை.

கூலியோ அடிக்கணக்கில், ஆழம் கூடக்கூட அடிக்கான விலையும் ஏறும், வறண்ட துளைக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். வெளிறிய தூளே விடாமல் பறக்கும்போது ‘இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்’ என்று நிலத்துக்காரரிடம் சொல்லும் துளைப்பவர், பாறையை அறிந்ததாலேயே தம் வருமானத்தைத் தாமே குறைத்துக்கொள்கிறார்.