மழைக்கு முந்தும் தளிர்

பங்குனி 4

தமிழ்நாட்டில் வசந்தம் ஏது, பனி விலகினால் நேரே கோடைதான் என்று பலரும் சொல்கிறார்கள். வெயிலை மட்டும் அளந்தால் அது சரியே. மரங்களைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. மாசியில் இலை கொட்டிய புங்கை இன்று இளம்பச்சையாய்ப் பளபளக்கிறது. அரசங்கொழுந்தில் செம்பின் நிறம். வேம்பின் நுனிகளும் சிவந்திருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மாதங்களாகிவிட்டன, மேல்மண்ணில் ஈரமில்லை. ஆக, இந்தத் தளிர்ப்பு மழை கொடுத்ததல்ல. மழைக்கு முன்பே தொடங்கும் இந்தப் புதுப்பிப்பே நம் மண்ணின் வசந்தம்.

பங்குனி 13

ஊர் மரங்களுக்குக் கசியும் குழாய்நீர் கிடைக்கிறது, அதனால் துளிர்க்கின்றன என்று ஒருவர் மறுக்கலாம். யாரும் நீர் ஊற்றாத முதுமலைக் காட்டிலும் இதுவே நடக்கிறது. 1988 முதல் 1990 வரை அங்கே ஆய்வு செய்த முரளியும் சுகுமாரும், வறண்ட மாதங்களிலேயே மரங்கள் துளிர்க்கத் தொடங்கி, மழை இறங்குமுன் உச்சத்தை எட்டுவதைப் பதிவு செய்தார்கள். இலைதின்னும் பூச்சிகள் மழையோடுதான் பெருகின. பிந்தித் துளிர்த்த மரங்களுக்கே சேதம் அதிகம். முந்திய தளிரோ பூச்சி பெருகுமுன் முற்றிவிடுகிறது. அப்படியானால் இலையுதிர்வு வறட்சியிடம் மரம் தோற்பதுதானே என்றால், அதுவும் பாதி உண்மைதான். பழைய இலை உதிர்ந்ததும் அதன் வழியே ஆவியாகிவந்த நீர் மிஞ்சுகிறது. ஆழத்து ஈரத்தை வேர் உறிஞ்ச, தண்டில் மீண்டும் நீரேறுகிறது. அந்த இருப்பை வைத்தே பல மரங்கள் துளிர் விடுகின்றன.

பங்குனி 27

பங்குனி பின்பனிக்கு உரியது, இளவேனில் சித்திரையில்தானே பிறக்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பருவம் ஒரே நாளில் மாறுவதில்லை. தளிர் முன்னே வருகிறது, பூ பின்னே வருகிறது. புத்தாண்டுப் பச்சடிக்கு வேம்பு பூத்துவிடும். சரக்கொன்றை சித்திரை வெயிலில்தான் பொன்னாய்த் தொங்கும். மாதக்கணக்கு பூவின் உச்சத்தைக் காட்டுகிறது, மரமோ அதற்கான ஆயத்தத்தை முன்பே தொடங்கிவிடுகிறது. எந்த மரம் எந்த நாளில் துளிர்த்தது, பூத்தது என்று ஆண்டுதோறும் குறித்து வைத்தால்தான் காலநிலை மாற்றம் இந்த வரிசையைக் குலைக்கிறதா என்பது தெரியவரும். வசந்தமே இல்லை என்று நம்புகிறவர்கள் அந்தக் குறிப்பை எழுதமாட்டார்கள். அதனால்தான் அந்தப் பேச்சை மறுத்தாக வேண்டும்.